இஸ்திரிக் காட்சிக்கு இசை வேண்டாம்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கே நலம். மச்சான் ஊரில் அத்தையின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது கம்பைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடக்கிறார்கள் என்று மச்சான் சொன்னார். மகிழ்ச்சி. டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யாமல் டிமிக்கி கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார். அதற்கு ஒரு பின்னணி இசை போட்டுக் கொடுங்கள், செய்வார்கள்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார். கழற்றிப் பார்த்தேன். கெப்பாசிட்டர் மட்டும்தான் போயிருந்தது. மாற்றிவிட்டேன், ஓடுகிறது. கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து நீங்கள் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். உங்கள் பியானோ சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். போன வருடம் அதே சத்தத்தால் தூக்கம் போகிறது என்று புகார் எழுதியவர்தான்.

நலம் விசாரித்தாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது.

நம் படத்தின் ஐந்தாவது ரீலில், அந்தப் பெண் சட்டை இஸ்திரி போடும் காட்சியிலிருந்து உங்கள் இசையை எடுத்துவிட்டேன்.

கோபப்படும் முன் முழுவதும் படியுங்கள். வேலைக்குப் போன இடத்தில் கணவன் இறந்துவிட்டான் என்று அவளுக்குச் செய்தி வருகிறது. அவள் அழவில்லை. காலையில் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்த அவன் சட்டையை விரித்து இஸ்திரி போடுகிறாள். காலர், கைகள், முதுகு. பிறகு ஹேங்கரில் மாட்டுகிறாள். அதற்குப் பிறகுதான் உட்காருகிறாள். நீங்கள் சட்டை விரியும்போதே வயலின்களை இறக்கியிருக்கிறீர்கள். அருமையான இசை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டியின் ஓரம் சட்டைப் பொத்தானில் இடிக்கும் சின்னச் சத்தம் ஒன்று இருக்கிறது. ஈரத்துணியில் ஆவி கிளம்பும் சத்தம் இருக்கிறது. அவள் மூச்சு இருக்கிறது. மூன்றும் உங்கள் வயலின்கள் உட்கார்ந்திருக்கும் அதே அலைவரிசையில் இருக்கின்றன. வயலினைக் குறைத்தால் இசை நோஞ்சானாகிறது. கூட்டினால் அவள் மூச்சு காணாமல் போகிறது. நடுவில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று மிதிக்கின்றன. இசை இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த உதவியாளர் கையிலிருந்த பிஸ்கட்டை வாயில் வைக்க மறந்துவிட்டார்.

இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. டிவியில் பழகிய கை அது. படத்தையே காட்டாமல் உங்களுக்கு ஆர்டர் வருமாம், உங்கள் மகள் சொல்லிச் சிரிப்பாள். சீரியல்காரர் போன் பண்ணி, “சார், அழுகை ரெண்டு நிமிஷம், சந்தேகம் ஒண்ணு, மாமியார் முறைப்பு மூணு, சாயங்காலத்துக்குள்ள வேணும்” என்பாராம். நீங்களும் மளிகைக்கடை மாதிரி கட்டி அனுப்புவீர்களாம். டிவி இசை பார்க்கிறவளுக்கு இல்லை, சமையலறையில் நிற்கிறவளுக்கு என்று நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அடுப்பை விட்டு எப்போது ஓடி வரவேண்டும் என்று அவளுக்குச் சொல்வது இசைதான், இசை நின்றால் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள் என்றீர்கள். சரி. தியேட்டரில் சமையலறை இல்லை, மாமா. எல்லாரும் இருட்டில் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் படம் உங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். மீசை முளைத்த வயதில் ஸ்டுடியோவுக்குள் போய், அடுத்தவர் மெட்டுக்கு ஸ்வரக்குறிப்பு எழுதிக் கொடுத்தீர்கள். பிறகு கீபோர்டு வாசித்தீர்கள். பிறகு பெரிய ஆள் ஒருவருக்கு உதவியாளராக இருந்து, அவர் பெயரில் வந்த பாதிப் பின்னணி இசையை நீங்களே போட்டீர்கள். பிறகு டிவி உங்களை இழுத்துப் போட்டுக்கொண்டது. தெருவில் குழந்தைகள் உங்கள் டைட்டில் பாட்டைப் பாடிக்கொண்டு போகும், பாடும் குழந்தைக்கும் உங்கள் பெயர் தெரியாது. பெரிய திரையில் ‘இசை’ என்று தனியாக உங்கள் பெயர் விழப்போவது இதுதான் முதல் தடவை. அதனால்தான் எடுத்தேன். அந்தப் பெயருக்குக் கீழே ஒரு காட்சி கூட இரைச்சலாக இருக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை இறுதி ஒலிக்கலவை. சாயங்காலம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால், பிறகு கடவுளே வந்து கேட்டாலும் ஒரு டெசிபல் நகராது. போனில் இதைப் பேச முடியாது. “நல்லாருக்கீங்களா மாப்பிள்ளை” என்று கேட்டுவிட்டு அத்தையிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். மச்சான் அச்செடுத்துத் தருவார். இசை உள்ள பதிப்பு, இல்லாத பதிப்பு இரண்டையும் அவருக்கு அனுப்பியிருக்கிறேன். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ஹெட்போனில் கேளுங்கள். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்

*

மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் பதில் வந்தது. கையால் எழுதி, மச்சான் படமெடுத்து அனுப்பியிருந்தார். ‘மாப்பிள்ளை செய்தால் சரியாகத்தான் இருக்கும். எனக்குப் பூரண சம்மதம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.’ அவ்வளவுதான். நன்றி. ஆனால் இந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

முதலில் ஏற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெயித்த மாதிரி போனைத் தூக்கிக்கொண்டு போய் உங்கள் மகளிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என்ன என்று கேட்டேன்.

“அப்பா சரின்னு சொன்னா சரின்னு அர்த்தமா? உன்ன மாதிரி படிச்ச முட்டாள நான் பார்த்ததில்ல” என்றாள். “நான் ஒரு ஸ்வரம் தப்பா வாசிச்சா ஸ்கேல் பறந்து வரும். தம்பிய ‘மண்டையில என்ன களிமண்ணா’ன்னு கேக்காத நாள் கிடையாது. வயலின்காரர்கிட்ட கேட்டுப்பாரு, பென்சில் எத்தன தடவ மூக்குல பட்டிருக்குன்னு. அவருக்குப் பிடிச்சவங்கள அவர் திட்டுவாரு. நீ மாப்பிள்ளையாச்சே. உன்ன எப்படித் திட்டுவாரு?”

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இத்தனை நாளில் உங்களுக்கு நான் எத்தனை சீரியல், எத்தனை விளம்பரம் மிக்ஸ் செய்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு “பிரமாதம் மாப்பிள்ளை” என்று எழுந்து போவீர்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். இப்போது அதில் எது பிரமாதம், எது மரியாதை என்று எனக்கு எப்படித் தெரியும்? மீட்டரில் முள் ஆடவே இல்லை என்றால் சத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, மீட்டரில் கம்பி கழன்றிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் மரியாதையால் எனக்குப் பெரிய நஷ்டம், மாமா.

நேற்று அத்தை உங்கள் மகளிடம் போனில் பேசினார்கள். என் கடிதம் வந்ததிலிருந்து நீங்கள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மேஜையைத் தட்டிக்கொண்டே இருக்கிறீர்களாம். “உங்க மனசுல இருக்கறத எழுதுங்களேன்” என்று மச்சான் சொன்னதற்கு, “பொண்ணு வாழற வீடுடா, போடா” என்றீர்களாம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. உங்கள் மகள் என்னை நாள் தவறாமல் திட்டிக்கொண்டு சௌகரியமாகத்தான் வாழ்கிறாள். ஐந்தாவது ரீலால் அவள் வாழ்க்கைக்கு ஒன்றும் ஆகாது.

வேலைக்கு வருகிறேன். என் முடிவிலிருந்து நான் இறங்கவில்லை. இஸ்திரி ஓடும்வரை இசை வேண்டாம். இதில் நான் சொல்வதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். இசை எங்கே உள்ளே வரவேண்டும்?

சட்டையை ஹேங்கரில் மாட்டும்போது கொண்டுவந்தேன். ஏதோ கல்யாண வீட்டில் வரவேற்கிற மாதிரி இருந்தது. பிளக்கைப் பிடுங்கும்போது கொண்டுவந்தேன். பிளக் ஏதோ மர்மமான பொருள் ஆகிவிட்டது. அவள் உட்கார்ந்த பிறகு கொண்டுவந்தேன். ‘இதோ, இப்போது அழுங்கள்’ என்று ஜனங்களைப் பிடித்துத் தள்ளுகிறது. மெதுவாக ஏற்றிப் பார்த்தேன், சட்டென்று வெட்டிப் பார்த்தேன், செல்லோவை மட்டும் விட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும், பாதி வாக்கியத்தில் ஒருவரைப் பிடித்து அறைக்குள் தள்ளின மாதிரிதான் இருக்கிறது. காரணம் எளிது. நீங்கள் எழுதிய இசைக்கு ஒரு வாசல் இருந்தது. அந்த வாசலை நான் இடித்துவிட்டேன். புது வாசல் வைக்க எனக்குத் தெரியாது. ஒலி எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரியும், வெட்டத் தெரியும், துடைக்கத் தெரியும். முதல் ஸ்வரம் எது, அதை யார் எடுப்பது, எவ்வளவு தயங்கி எடுப்பது என்பதெல்லாம் உங்கள் வேலை. எனக்கு உங்கள் சம்மதம் தேவையே இல்லை. எனக்கு நீங்கள் தேவை.

இயக்குநரிடம் கேட்டேன். அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து உங்கள் சீரியல் பார்த்து வளர்ந்தவர். “சார்கிட்ட நான் எப்படிங்க சொல்றது, நீங்களே பேசுங்க” என்று கையைக் கழுவிக்கொண்டார். தயாரிப்பாளரிடம் கூடுதல் நாள் கேட்டேன். “ரெண்டு பேரும் ஒரே குடும்பந்தானே, வீட்டுலயே பேசி முடிங்க” என்றார். வீட்டில்தான் பேச முடியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கொஞ்சம் சத்தம் போட்டேன். கையெழுத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். அதற்கு மேல் தள்ள மாட்டார், தள்ளவும் கூடாது.

உங்கள் முதல் வயலின்காரரையும் செல்லோக்காரரையும் வெள்ளிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் என்ன எழுதி அனுப்பினாலும் உடனே வாசித்துப் பதிவு செய்துவிடலாம். வயலின்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். “அவர் போன்ல இருக்கணும். அவர் கத்தாம நான் வாசிச்சது ஒண்ணும் உருப்பட்டதில்ல.” செல்லோக்காரரும் தலையை ஆட்டினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் உங்களைத் தெரியும். எனக்கு உங்களை ‘மாமா’ என்று மட்டும்தான் தெரியும்.

இஸ்திரிக்கும் இசை வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அதையும் சொல்லுங்கள். சண்டை போடுவோம். நான் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன், நீங்களும் கொடுக்காதீர்கள். நீங்கள் ஜெயித்தால் உங்கள் வயலின்கள் திரும்பி வரும். நான் ஜெயித்தால் அந்தப் பெண் தனியாக இஸ்திரி போடுவாள். எது நடந்தாலும் சரி. யாரும் ஜெயிக்காமல், மரியாதைக்காக ஒரு காட்சி முடிவாகக்கூடாது. அது உங்கள் முதல் படம். அதில் என் கையும் இருக்கிறது.

அத்தையின் கால் சீக்கிரம் குணமாகட்டும். நீங்கள் நல்ல ஆரோக்கியத்தோடும், அதைவிட நல்ல கோபத்தோடும் இருக்கவேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஸ்டுடியோவில்தான் இருப்பேன். அத்தை தூங்கும் நேரமாகப் பார்த்து, மொட்டைமாடிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிடுங்கள். “மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா” என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவேன். வேறு எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், எடுத்துக்கொள்கிறேன்.

காத்திருக்கும்,
உங்கள் பையன்