ஆட்டோவில் போன ஈரல் செல்கள்

ஏப்ரல் 8, 2024
இன்றும் நான்கு மணி நேரக் காத்திருப்பு. ஈரல் செல் வளர்த்த தட்டுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சு அறை வாசலில். புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை முடிந்த பிறகுதான் எங்களுக்கு இயந்திரம். அது நியாயம். சீவலப்பேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த நோயாளி ஒருத்தி தரையில் படுத்திருக்கிறாள். ஒரு பெஞ்சு போட இவர்களுக்கு வக்கில்லை. அது நியாயமா?

ஏப்ரல் 9
சாயம் போட்டுப் பார்த்தேன். கதிர் பட்ட செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் சிவப்புச் சிவப்பாய். ஆய்வகத்தை விட்டு நகராத தட்டுகளில் அதில் பாதிகூட இல்லை. என் வழிகாட்டி மகேஸ்வரன் சாருக்கு ஒரே சந்தோஷம். "கட்டுரைய எழுதும்மா. டாக்டர் பட்டம் உறுதி."
வீட்டில் அம்மா: "ஈரல்ல கொழுப்பு இருக்கான்னு கறிக்கடைக்காரன்ட்ட கேட்டா சொல்லிருவான். ஏட்டி, இதுக்கு நாலு வருசமா?"

ஏப்ரல் 24
ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே நாற்பது நிமிடம் நெரிசல். மடியில் பெட்டி கொதிக்கிறது. ஆட்டோ ஓட்டும் மாடக்கண்ணு அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்: "எனக்கே ஈரல் வேவுது. உள்ள இருக்கது என்ன பாடு படுதோ!"
சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. கதிர் படாத தட்டு ஒருநாளும் ஆட்டோவில் ஏறியதே இல்லையே.

மே 6
சில தட்டுகளைச் சும்மா கொண்டுபோய், கதிர் காட்டாமல் திரும்பக் கொண்டுவந்தேன்.

மே 7
அவற்றிலும் அதே சிவப்பு. அதே அளவு. வெயிலும் குலுக்கலும் செய்த வேலை. நாலு வருசமா நான் என்னத்த அளந்தேன் — டிராபிக்கையா?

மே 8
சாரிடம் காட்டினேன். "அந்தத் தட்ட உன்ட்ட யாரு கேட்டா? கட்டுரை போன வாரமே ஜர்னலுக்குப் போயாச்சு."
"அது தப்பு சார்."
"அப்ப உன் பேர எடுத்துரட்டா?"
"எடுத்துருங்க."
வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. பேர் போனால் பட்டமும் போச்சு. நான் என்ன பெரிய இவளா?

மே 30
சார் பேசுவதில்லை. என் மேசையில் வேறு யாருடைய புத்தகமோ.

ஜூலை 15
கூப்பிட்டார். கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்: கதிர் படாத தட்டுகளும் அதே பயணம் செய்தனவா?
"சும்மா கொண்டுபோன தட்டோட படம் இருக்கா, பிரிஸில்லா?"
"இருக்கு சார்."
"பதில நீயே எழுது."
எழுதினேன்: அப்போது இல்லை; பிறகு செய்து பார்த்தோம், கதிர் பட்டதற்கும் படாததற்கும் வித்தியாசம் இல்லை. படித்தார். ஓர் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினார். "அனுப்பு."

ஆகஸ்ட் 19
கட்டுரையை நிராகரித்துவிட்டார்கள். உதவித்தொகை அடுத்த மாதத்தோடு முடிகிறது. முதலிலிருந்து தொடங்குகிறோம். இன்று ஆறு தட்டு, ஆறும் ஆட்டோவில் ஏறின. மூன்றுக்கு மட்டும் கதிர். முதல் முறையாக சாரும் வந்தார், பெட்டியைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு. வண்ணார்பேட்டை தாண்டுமுன் அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது.
"நாலு வருசமா இப்படியா போயிட்டு வந்த?"