தறிக்குழிப் புதையல்

2025 ஜூன் 2

தறிக்குழி தோண்டி முடிந்தது. நீளம் மூன்றடி, அகலம் இரண்டரை, ஆழம் இரண்டே கால். இரண்டாம் அறையில் தரையிலிருந்து பதினெட்டு ஆத்தங்குடிக் கற்களைப் பெயர்த்தோம், மூன்று உடைந்தன. தோண்டிய பெத்தன், "எதுக்குக்கா நடு வீட்டுல குழி?" என்று நாலு முறை கேட்டான். விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு, மிதிக்கட்டையை மிதித்து நெய்வதற்கு என்று நாலு முறையும் சொன்னேன். கையால் நூற்ற பட்டு நூல் ஓரிடம் தடிமன், ஓரிடம் மெலிவு. காரைக்குடிப் பக்கத்து வெயிலுக்குப் பொட்டுப் பொட்டென்று அறும். குழியின் ஈரம் அதற்கு நல்லது என்று நெசவுப் பயிற்சியில் சொன்னார்கள்.

விருப்ப ஓய்வு வாங்கி ஒன்பது மாதம். ஒன்றிய அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் தட்டச்சு செய்த கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அவர் போய்ப் பன்னிரண்டு வருடம், பிள்ளை இல்லை. ஒரு சேலை நெய்யலாம். எனக்குத்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

அண்ணன் மாயக்கண்ணன் அடுத்த தெருவில்தான் இருக்கிறான். பேசி ஏழு வருடம். மகள் சடங்குப் பத்திரிகையில் என் பெயரைப் பதினோராவதாகப் போட்டான். ஒரே தங்கை, பதினொன்று! அவன் பெண்டாட்டியின் சித்தப்பா மருமகன்கூட எனக்கு முன்னால். நான் போகவில்லை. அவன் வந்து கூப்பிடவுமில்லை.

ஜூன் 4

பக்கத்து வீட்டுக் காளியாயி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "அக்கா, எம்புட்டு ஆழம் போயிருக்கீக?" என்றாள். இரண்டே கால் அடி என்றேன். "அம்புட்டுலயே கெடச்சிருச்சா?"

ஜூன் 5

இப்போதுதான் விளங்குகிறது. எனக்குப் புதையல் கிடைத்துவிட்டதாம். எங்கள் வலையபட்டி முழுக்க இதே பேச்சு.

குற்றம் என்னுடையதுதான். பட்டில் தூசி படக்கூடாதென்று கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு தோண்டச் சொன்னேன். மண்ணைச் சாக்கில் கட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கடப்பாரை போடுமுன் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவினேன். பின்சுவரை ஒட்டியோ, பூட்டிக் கிடக்கிற பழைய செட்டிநாட்டு ஆச்சி வீடு. இத்தனையையும் ஒரே கோப்பில் வைத்துப் படித்தால் நானே நம்பிவிடுவேன்.

ஜூன் 9

காரைக்குடியிலிருந்து பழம்பொருள் கடை தேனப்பன் வந்தார். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி. "ஜாடியா, பெட்டியாங்க?" தறியைக் காட்டினேன். சுற்றி வந்தார். குனிந்து குழியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிரமாதம்! மேல இப்படி ஒன்ன நிறுத்திட்டா எவனுக்கும் சந்தேகம் வராது. யாரு சொல்லிக் குடுத்தாக?" என்றார்.

நீள இழைகளைப் பாவாக ஓட்டியிருக்கிறேன், அரை முழம் துணியும் நெய்திருக்கிறேன். துணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்தார். "தத்ரூபமா இருக்கு" என்றார்.

ஜூன் 11

புதையலை விசாரிக்கத் தாலுகா அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார்: "வீட்டினுள் குழி ஒன்று. குழியினுள் மேற்படி பெண்மணியின் கால்கள் இரண்டு. வேறு பொருள் ஏதும் தென்படவில்லை." எழுத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஜூன் 12

அண்ணன் வந்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே இரண்டாம் அறைக்கு. என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடவே காளியாயியைக் கூட்டி வந்திருந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் மூன்றடி.

"காளியாயி, இது எங்கப்பா வீடு. மண்ணுக்குக் கீழ உள்ளதுல எனக்கும் பாத்தியதை உண்டான்னு கேளு."

"அக்கா, அண்ணே கேக்குறாக."

"கீழ ஒன்னும் இல்லேன்னு சொல்லு."

"ஒன்னும் இல்லையாம்ணே."

"ஒன்னும் இல்லாமயா கதவப் பூட்டிக்கிட்டுத் தோண்டுனாகன்னு கேளு."

அவள் பாவம், கழுத்து வலிக்கிறது என்று பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

போன வருசம் பதினாறு நாள் காய்ச்சல்ல கெடந்தேன், எட்டிப் பாத்தியா நீ? இப்ப மட்டும் எப்படி வழி தெரிஞ்சுச்சு? பானை பானையா தங்கம் இருக்குன்னாத்தான் தங்கச்சி ஞாபகம் வருதோ? — இதில் ஒரு வார்த்தையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். காளியாயி வழியாக.

ஜூன் 16

தினமும் பத்து மணிக்கு வந்துவிடுகிறான். நாற்காலி போட்டுக் குழிக்குக் காவல். நான் சாப்பிட எழுந்தால் களைக்கொத்தியோடு உள்ளே இறங்குகிறான். குழி இன்னும் அரையடி ஆழமாகிவிட்டது. மிதிக்கட்டை கீழே போய்விட்டதால் எனக்குக் கால் எட்டவில்லை. அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன்.

ஜூன் 19

காளியாயி மதுரைக்குப் போயிருக்கிறாள். ஆகவே அண்ணன் தறியிடம் பேசினான். "காப்பியில சீனி தூக்கல்." தறி பதில் சொல்லவில்லை. நான் அடுத்த டம்ளரில் குறைத்தேன்.

ஜூன் 23

பாவில் ஒரே நேரத்தில் நாலு இழை அறுந்தது. நுனிகள், பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. பயிற்சியில் எதிரே எப்போதும் ஒருத்தி இருப்பாள், எடுத்துக் கொடுக்க. இங்கே எதிரே அண்ணன். நான் கையை நீட்டித் தடவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்து, ஒரு நுனியைப் பிடித்து விழுதின் கண் வழியாக என் பக்கம் தள்ளினான்.

"இந்தா."

நாலு இழைக்கு நாலு 'இந்தா'. தறியிடம் இல்லை, என்னிடம். என்னால் முடிச்சுப் போட முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. கேட்டிருந்தால் தூசி என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

ஜூன் 27

இன்று புறப்படும்போது களைக்கொத்தியையும் எடுத்துக்கொண்டான். வழக்கமாக இங்கேயே போட்டுவிட்டுப் போவான். "பாறை தட்டுது. ஒன்னும் இருக்காது போல" என்றான், நிலைக்கதவிடம்.

இதைத்தானே முதல் நாளிலிருந்து சொல்கிறேன்? பிறகு எனக்கு ஏன் பக்கென்றது? ஒன்னும் இல்லேன்னு ஆயிட்டா எதுக்கு வரணும்? இங்க என்ன இருக்கு... நான்தான் இருக்கேன்.

ஜூன் 28

பத்தரை. வரவில்லை.

பதினொன்று. செய்யக்கூடாத காரியம் செய்தேன். பரணில் கிடந்த ஒரு பித்தளைச் செம்பை இறக்கி, புளி போட்டுத் துலக்காமல் கறுப்பாகவே, குழியின் மூலையில் புதைத்து மேலே செங்கலை வைத்தேன். இருபத்தாறு வருடப் பணியில் ஒரு பொய் விவரம் தட்டச்சு செய்தவள் இல்லை நான். பிறகு சுவருக்கு மேல் எட்டி, மதுரையிலிருந்து திரும்பிவிட்ட காளியாயியிடம், "குழிக்குள்ள கணீர்னு ஒரு சத்தம் கேக்குது. யாருட்டயும் சொல்லாத" என்றேன்.

பதினொன்றே பத்து. அண்ணன் வந்துவிட்டான், களைக்கொத்தியோடு.

மாலை

இதை எழுதி வைக்க வேண்டும்.

செங்கலை நகர்த்தினான். மூன்றாவது கொத்தில் கணீர். செம்பை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீடுகளில் பேர் வெட்டாத பாத்திரம் ஏது? கழுத்தைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக இருந்தது: 'தங்கை நாகஜோதி திருமணத்திற்கு அண்ணன் க. மாயக்கண்ணன். 9.6.1996.'

செம்பைத் திருப்பித் திருப்பி இரண்டு முறை படித்தான். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால், பிளந்த இடத்தில் ஏற்கெனவே அவன் நிற்கிறான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செம்பை எடுத்த இடத்திலேயே வைத்தான். மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்து, செங்கலையும் பழையபடி வைத்தான். மேலே ஏறி வந்து களைக்கொத்தியைச் சுவரில் சாய்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"இங்குட்டு ஒன்னும் இல்ல, ஜோதி. அங்குட்டுத்தான் இருக்கும். தோண்டி முடிக்க இன்னும் ரொம்ப நாளாகும் போல."

"சரிண்ணே" என்றேன்.