ஸ்டெல்லா வரைந்த கடிகாரம்

நவம்பர் 11, செவ்வாய்

என் மறதிக்காக இன்று நெய்யாற்றின்கரையில் டாக்டரைப் பார்க்கப் போனோம். என் மனைவி ஸ்டெல்லாதான் பிடிவாதமாகக் கூட்டிப்போனாள். போன மாதம் சபையில் ஜெபிக்க எழுந்தபோது மருமகன் பெயர் எனக்கு வரவில்லை. அவள்தான் எடுத்துக்கொடுத்தாள்.

டாக்டர் ஐந்து வார்த்தைகளைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். எனக்கு மூன்றுதான் வந்தன. பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா ஐந்தையும் கடகடவென்று சொல்லிச் சிரித்தாள். பிறகு பதினொன்றேகாலைக் காட்டும் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார். வரைந்தேன். "அம்மையும் வரையுங்க" என்று விளையாட்டாக அவளிடம் தாளை நீட்டினார். எல்லா எண்களையும் அவள் வட்டத்தின் ஒரே பக்கத்தில் எழுதினாள். முள் போடவே இல்லை.

பிரஷர் பார்க்க என்று அவளை நர்சுடன் அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: "உங்களுக்கு வயசுக்கு உள்ள மறதிதான். பெண்கள் பலருக்கு வார்த்தை ஞாபகம் பலமா இருக்கும். அதனால உள்ளே கோளாறு தொடங்கினாலும் பேச்சில வெளியே தெரியாது. உங்க மனைவியைத்தான் ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்."

முதல் வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று பஸ்ஸில் கேட்டாள்.

"எனக்கு மறதி உண்டாம்."

அமரவிளை வருவதற்குள் அதையே மறுபடியும் கேட்டாள். அதே பதிலைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேடிக்காதீங்க. உங்களுக்கு மறந்தா சொல்லித்தர நான் உண்டுல்லா."

வியாழக்கிழமை ஸ்கேன். எனக்குத் துணையாக வா என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிப்போக வேண்டும்.