எழுதாமலே ‘எழுதியாச்சு’ என்ற டிஸ்க்

என் செல்ல அக்கா,

நம் கடைக் கம்ப்யூட்டர் இப்போது வேகமாகிவிட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? உன் டாக்டர் என்னையும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார், நான் இன்னும் போகவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் நல்ல சேதி.

தச்சநல்லூர் மளிகை மொத்தக்கடையில் நாம் இரண்டு பேரும் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? "என்னம்மா, ஒரு பில்லு விழ இம்புட்டு நேரமா? வண்டிக்காரன் வெளிய நின்னு கத்துதான்" என்பார் முதலாளி அண்ணாச்சி.

கம்ப்யூட்டர் பில்லை நேரே அதன் இடத்தில் வைப்பதில்லை. இன்னதைச் செய்யப்போகிறேன் என்று முதலில் ஜர்னல் என்ற குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும், எழுந்ததும் அதைப் படித்து மீதியை முடித்துவிடும். அந்த எழுத்து டிஸ்க்கில் பதியும்வரை காத்திருப்பதில்தான் தாமதம். ரிப்பேருக்கு வந்தவர் அந்தக் காத்திருப்பையே எடுத்துவிட்டுப் போனார். எழுதும் முன்பே டிஸ்க் ‘எழுதியாச்சு’ என்றது; அந்த நேரம் கரண்ட் போனால் பில் போனதுதான். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். நீ மட்டும் கொதித்தாய். "ஏட்டி, வேகமா பொய் சொல்லுதது ஒரு வேகமா?" என்று பழையபடி மாற்றிவைத்தாய்.

ஜர்னலுக்கென்று தனியாக ஒரு வேகமான டிஸ்க், நாலைந்து பில்லைச் சேர்த்து ஒரே தடவையில் எழுதுவது என்று நீ பாதியில் விட்டதை நான் முடித்துவிட்டேன். போன வாரம் மழையில் கரண்ட் போய் வந்தது. பதிந்ததாகச் சொன்ன ஒரு பில்கூடத் தொலையவில்லை. அண்ணாச்சி உன் நாற்காலியைப் பார்த்து, "அவ இருந்திருக்கணும்லா" என்றார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

ஆனால் உன்மேல் கோபமும் இருக்கிறது, அக்கா. மார்பில் கட்டி என்று நீ சொன்ன நாளிலிருந்து கேட்டேனே, டாக்டரிடம் காட்டினாயா என்று. டிஸ்க்கை ஏசின அதே வாயால் "காட்டியாச்சுட்டி, காட்டியாச்சு" என்றாய். நிஜமாகவே காட்டியபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. எங்களிடம் ஏன் அப்படிச் சொன்னாய்? பயமா? இல்லை, நாங்கள் பயப்படுவோம் என்றா?

உனக்கு வந்தது எனக்கும் வரலாம் என்றுதான் டாக்டர் என்னையும் கூப்பிட்டிருக்கிறார். நேற்று அத்தான் கேட்டார்: "நீயாவது போய்க் காட்டினியாம்மா?"

எனக்கும் ‘காட்டியாச்சு’ என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. "இல்லத்தான், பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கும்தான். நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

இன்று போகிறோம். டாக்டர் என்ன சொன்னாலும் அத்தானிடம் எதையும் மறைக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கையைப் பிடிக்காமல் முதல்முறையாக ஆஸ்பத்திரிக்குப் போகும்
உன் தங்கச்சி