எலிஹியோவின் கை இறங்கும் வரை

மார்ச் 9, ஞாயிறு

இன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

எலிஹியோவின் வாட்டர்வாஷில் காரை விட்டுவிட்டு ஒரு பீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன். என் பழைய புருஷன் ரதாமேஸ் ஜீப்போடு வந்து இறங்கினான். நாங்கள் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது, இன்னும் என்னைக் கண்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறான். ஜீப்பின் பின்னால் நாலு சப்வூஃபர், அடிச்சத்தத்துக்கென்றே இருக்கிற பெரிய ஸ்பீக்கர்கள். பாட்டைப் போட்டதும் பக்கத்துக் கடைத் தகரமெல்லாம் நடுங்கியது.

"என்ன யோஹைரா, உன் கொரோலா இன்னும் தும்மிக்கிட்டுத்தான் இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காரில் பாதி என் பணம். மணப்பெண்களின் வீட்டுக்கே போய் முடி அலங்காரம் செய்கிறவள் நான், கார் இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. ஆனால் வண்டிக் காகிதத்தில் பெயர் அவனுடையது. மாற்றிக் கொடு என்று கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு" என்கிறான். இன்றும் கேட்டேன், அத்தனை பேர் முன்னால்.

"என் வண்டிய உன் டப்பா ஜெயிச்சிருச்சுன்னா, அங்கயே பானெட் மேல வச்சுக் கையெழுத்துப் போடுறேன்! தோத்தா சாவியக் குடுத்துட்டு நடந்து போ!"

"சரி" என்றேன். நானா சொன்னேன்?

ஈஸ்டர் ஞாயிறன்று போட்டி. நடுவர் எலிஹியோ. அவருக்கு மீட்டர் கீட்டர் எல்லாம் கிடையாது. பாட்டைப் போட்டதும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு தெருவோடு நடப்பார். பேஸ், அந்த அடிச்சத்தம், கேட்கிற வரை கை மேலே, கேட்காத இடத்தில் கை கீழே. யாருக்காக அதிக தூரம் நடக்கிறாரோ அவருக்கே வெற்றி. எங்கள் ஊர் மோக்காவில் இதை மறுத்துப் பேச ஆளில்லை.

மார்ச் 10

என்ன காரியம் செய்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

டிக்கியைத் திறந்து முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு மரப்பெட்டி, அதில் இரண்டு சப்வூஃபர். கல்யாணமான புதிதில் ரதாமேஸ் மாட்டிக் கொடுத்தது. "நீ தொடாத, உனக்குப் புரியாது" என்பான். நானும் தொட்டதில்லை.

கடகடவென்று ஆடுவது நம்பர் பிளேட்டும் டிக்கி மூடியும்தான். என் பார்லரில் இருந்த, முடி சுருட்டும் பழைய ஸ்பாஞ்ச் ரோலர்களைப் பிளந்து இடுக்கெல்லாம் திணித்தேன். ஆட்டம் நின்றது. ஆனால் ஆட்டம் போனதும்தான் தெரிகிறது, அதற்குப் பின்னால் பேஸ் என்று ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் நம்பர் பிளேட்டின் சத்தத்தையா ரசித்தோம்?

மார்ச் 23

பெட்டியில் எங்கோ காற்று ஒழுகுகிறது, புஸ் புஸ் என்று கேட்கிறது. எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கழுத்தில் முடி தட்டும் பிரஷ்ஷில் பவுடர் எடுத்து மூட்டுகளில் தடவிவிட்டுப் பாட்டைப் போட்டேன். வலது மூலையில் பவுடர் துள்ளிப் பறந்தது! பிடித்துவிட்டேன்டா உன்னை! ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் வாங்கி அடைத்தேன். மூக்கெல்லாம் வெள்ளையாக நின்றவளைப் பார்த்து என்னோடு வேலை செய்யும் நோயெமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கொஞ்சம் தேவலை. கொஞ்சம்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

நோயெமியை எலிஹியோ மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னேன். ஒலியை முழுதாகத் திருகினேன். பேக்கரி வாசலிலேயே கையை இறக்கிவிட்டாள்.

"பொய் சொல்லாதடி, இன்னும் கேக்கும்!"

"அக்கா, பாடுறவன் தொண்ட கேக்குது. பேஸ் கேக்கல. நான் என்ன பண்ணட்டும்?"

ரதாமேஸ் வண்டிக்கு எலிஹியோ மருந்துக்கடை வரை நடப்பார் என்பது ஊருக்கே தெரியும். பேக்கரி எங்கே, மருந்துக்கடை எங்கே!

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ஒலியைக் கூட்டப் புது ஆம்ப் வாங்க வழியில்லை. தட்டில் வாழைக்காய் மசியலும் பொரித்த சலாமித் துண்டுகளும் இருந்தன, இறங்கவில்லை. சாவியை அவன் கையில் கொடுப்பதா? அவன் முன்னால் நடந்து போகவா? ஊர் பார்க்கவா? மாட்டேன். ஆனால் என்ன செய்வேன்?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நிதானமாக எழுதுகிறேன்.

இன்று ஊரே அடங்கிக் கிடந்தது. பெரிய வெள்ளியன்று பாட்டைப் போட்டால் தெருவே திட்டும். இந்த நாட்களில் எல்லோர் வீட்டிலும் கிண்டுகிற அவரைப்பயறு அல்வாவைச் சாப்பிட்டுவிட்டு, மனம் கேட்காமல் டிக்கிக்குள் தலையை விட்டேன். எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு, முணுமுணுப்பு மாதிரி ஒரு பச்சாட்டா காதல் பாட்டு. இவ்வளவு மெல்லமாக இந்த வண்டியில் யாரும் பாட்டுக் கேட்டதே இல்லை. இது முழு ஒலிக்கென்றே பிறந்த வண்டி.

கம்பியை ஒதுக்கும்போது கைபட்டு ஒன்று கழன்றுவிட்டது. இடது சப்வூஃபர் செத்தது. உடனே பேஸ் கூடியது.

கூடியது! ஒன்று வேலை செய்யாதபோது கூடுமா? மறுபடி மாட்டினேன், குறைந்தது. கழற்றினேன், தொண்டையில் தேன் இறங்குகிற மாதிரி வந்தது. என் காதுதான் கோளாறா என்று நோயெமியைக் கூப்பிட்டேன். அவளுக்கும் அப்படித்தான்.

சுவர்க்கடிகாரத்துப் பாட்டரியைப் பிடுங்கி, ஆம்ப் பக்கத்தில் இரண்டின் கம்பிகளிலும் ஒரே மாதிரி வைத்துப் பார்த்தேன். வலது ஸ்பீக்கரின் கூம்பு வெளியே துள்ளியது. இடது கூம்பு உள்ளே போனது. அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேர் ஒரே கட்டிலை எதிரெதிரே நின்று தள்ளினால் கட்டில் எப்படி நகரும்? பாவி, எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைக் கம்பியைப் போட்டிருக்கிறான். எது கூட்டல், எது கழித்தல் என்று ஒரு அடையாளமும் இல்லை. "கம்பி கம்பிதான்" என்பான்.

இடது பக்கத்துக் கம்பியை மாற்றி மாட்டினேன். முணுமுணுப்பிலேயே சீட்டு முதுகைத் தடவியது. அழுதேன். பெரிய வெள்ளிதானே, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 19

இன்று பெரிய சனி, இன்றும் முழு ஒலியில் போட்டுப் பார்க்க முடியாது. ஞாயிறு காலைதான். கடவுளே.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஜெயித்தேன்! ஜெயித்தேன், ஜெயித்தேன்!

முதலில் ஜீப். நிற்கிற இடத்தில் காது கிழிந்தது, குழந்தைகள் அழுதன. எலிஹியோ நடந்தார். பேக்கரி தாண்டி, மருந்துக்கடை வாசலில் கை இறங்கியது. ரதாமேஸின் ஆட்கள் குதித்தார்கள். அவன் சாவிக்காகக் கையை நீட்டியே வைத்திருந்தான்.

பிறகு நான். அதே பாட்டு. முதல் பத்து நொடி எல்லோர் முகத்திலும் ஏமாற்றம், ஏனென்றால் எதுவுமே அதிரவில்லை. "இவ்வளவுதானா?" என்றான் ரதாமேஸ். எலிஹியோ நடந்தார். பேக்கரி. கை மேலே. மருந்துக்கடை. கை மேலே. மனிதர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்கிறார். சர்ச் திருப்பத்தில், தூக்கிய கையோடேயே, மறைந்து போனார்.

"எங்கடா போயிட்டாரு ஆளு?" என்று யாரோ கேட்டார்கள்.

வெகுநேரம் கழித்து ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தார். "கால் வலிக்குதும்மா, நிறுத்து! பஸ் ஸ்டாண்டுல கேக்குது!"

நோயெமி என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் பேனாவை நீட்டினேன். ரதாமேஸ் பானெட் மேல் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டான். ஊர் பார்த்தது.

ஏப்ரல் 22

வக்கீல் முத்திரை குத்திவிட்டார். என் கார்.

மே 4, ஞாயிறு

பார்லர் நிறைய ஆட்கள். ரதாமேஸ் வாசலில் வந்து நின்றான். டிரையருக்கு அடியில் இருந்த பெண்கள் எல்லோரும் தலையை வெளியே எடுத்தார்கள்.

"யோஹைரா, என் வண்டியக் கொஞ்சம் பாக்குறியா?"

சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவன் முகம் அப்படி வாடிக் கிடந்தது. எனக்கு ஜெயித்தவளின் தாராளம் வந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போய், நாலு கூம்பிலும் பாட்டரியை வைத்துக் காட்டினேன். மூன்று வெளியே துள்ளின. ஒன்று உள்ளே போனது.

குனிந்து அந்தக் கூம்பைத் தொட்டுப் பார்த்தான்.

"கொரோலாலயும் இப்படித்தானா?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"நீ மாட்டுன நாள்லேர்ந்து."

அவன் ஜீப்பைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தான். எதிரே நிற்கிற டாக்சிக்கு ஸ்பீக்கர் கம்பி இழுத்தவன் அவன்தான். பேக்கரி வேனுக்கும் அவன்தான். மோக்காவில் பாதி வண்டி அவன் கைவேலைதான்.

அந்த டாக்சிக்காரன்தான் முதலில் இறங்கி வந்தான். "அக்கா, எனக்கும் அந்த பாட்டரிய வச்சுப் பாக்குறீங்களா?" அவனுக்குப் பின்னால் வேன்காரன். ரதாமேஸை வேன்காரனுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். போய் நின்றான்.