பதினாலோட அம்மை

அக்கா,

நேற்று நடுவர் மேஜையில் கிராம்பு வாசனை அடித்தது. மேடையில் ஒரு பையன் ராஜா வேஷத்தில் அட்டைக் கத்தியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாசனை இடப்பக்கத்திலிருந்து வந்தது. இடப்பக்கம் உங்கள் நாற்காலி. "ஏட்டி, தூங்குதியா?" என்று தொடையில் கிள்ளு விழப்போகிறது என்று உடம்பு தானாகச் சுருங்கியது. கண்ணைத் திறந்தால் அங்கே வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். இந்த வருடம் உங்களுக்குப் பதிலாகக் கூப்பிடப்பட்டவள். அவள் வாயில் ஒன்றும் இல்லை. என் கைப்பையைக் குடைந்து பார்த்தேன். நீங்கள் போன பிறகு குத்துக்கல்வலசை வீட்டிலிருந்து நான் எடுத்துவந்த உங்கள் கிராம்புத் தகர டப்பி, மூடி கழன்று அடியில் கிடந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் மதியம் வரை இடப்பக்கம் திரும்பாமலே மார்க் போட்டேன்.

தென்காசியில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிநடிப்புப் போட்டி என்றால் நம் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் கோயில் கொடை விழாக்களில் நாடகம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிப்போனவர். நான் வானொலி நாடகங்களில் பேசிப் பேசி, முகம் யாருக்கும் தெரியாமலே தலை நரைத்தவள். "நான் கண்ணால பாக்கேன், நீ காதால கேளு. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துக்கிடுவோம்" என்பீர்கள். பிள்ளைகளின் பெயரையோ பள்ளியையோ நடுவர்களிடம் சொல்லக் கூடாது என்பது விதி. சட்டையில் ஊக்குக் குத்திய அட்டையில் ஓர் எண் இருக்கும், அதுதான் நமக்குப் பிள்ளை. மதியச் சாப்பாட்டில் நாம் பேசிக்கொண்டதை வெளியாள் யாராவது கேட்டிருந்தால் போலீசுக்குப் போயிருப்பான். "மூணு நல்லா செத்தான்." "ஒம்பதுக்கு இன்னும் பேய் இறங்கல." "ஆறத் தூக்கிருவோமா?"

அப்படித்தான் அந்த வருடம் பதினாலு வந்தாள்.

ஒல்லிப் பிள்ளை. இரண்டு வருடம் கழித்துப் போடவேண்டிய அளவில் தைத்த சீருடை. தாயை இழந்த ஒரு பெண் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புகிறாள், அதுதான் அவள் நடிப்பு. கையில் சீப்பு கூடக் கிடையாது. வெறும் விரலால் வகிடு எடுத்து, இல்லாத ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு பக்கச் சடையைப் பின்னி முடித்தாள். மறுபக்கம் எடுத்தாள். பாதியில் கை நின்றது. "அம்மா, இந்தப் பக்கம் மட்டும்..." என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. கண்ணை மூடியிருந்த எனக்கு அந்த மௌனம் மட்டும்தான் கிடைத்தது. அரங்கத்தில் ஒருவர் இருமவில்லை. தகரக் கூரையில் சாரல் விழுகிற சத்தம் கேட்டது. வசனம் மறந்துவிட்டதோ என்று கண்ணைத் திறந்தேன். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

நீங்கள் மேடையில் இருந்தீர்கள். நடுவர் மேடையேறியதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அந்தப் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "ஒங்க அம்மை எப்பம்மா போனா?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் மைக் இருந்ததால் ஊருக்கே கேட்டது. "ஆடியில" என்றாள் அவள். கூட்டம் கைதட்டியது. நீங்கள் சூடு பட்டதுபோல உதறிக்கொண்டு கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினீர்கள். தோள் குலுங்கியது. இன்றைக்கும் உங்களை நினைத்தால் எனக்கு முகம் வருவதில்லை அக்கா, அந்த முதுகுதான் வருகிறது. எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன் என்கிறது.

பாதியில் நின்ற நடிப்புக்கு மதிப்பெண் கிடையாது என்றார் அமைப்பாளர். நம்மோடு நடுவராக இருந்த தவில்கார அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "பிள்ள என்ன தப்பு செஞ்சா? நீங்கள்லா போயி நிறுத்துனிய?" என்று சண்டைக்கே வந்தார். நீங்கள் அசையவில்லை.

"இதுக்குப் பரிசு குடுத்தா அடுத்த மேடைக்கு அனுப்புவாவ அண்ணாச்சி. அங்கனயும் அவ அம்மைய நெனச்சு அழணும். அதுக்கடுத்த மேடையிலயும் அழணும். அழுகைக்கா மார்க் போடுதிய?"

அண்ணாச்சி மார்க் தாளைக் கவிழ்த்து வைத்தார். பரிசு வேறொரு எண்ணுக்குப் போயிற்று. திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் மெல்லச் சொன்னேன். "எனக்கென்னமோ சந்தேகமா இருக்குக்கா. அவ மூச்சு ஒழுங்கா இருந்துது. நெசமா அழுதா மூச்சு முந்திக்கிடும்." நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் ஆட்டோவே நின்றிருக்க வேண்டும். "ரேடியோவுல அழுதவளுக்கு என்னட்டி தெரியும்?" என்றீர்கள்.

அதன் பிறகுதான் உங்கள் அம்மா இறந்த நாளைப் பற்றிச் சொன்னீர்கள். எத்தனையோ வருடப் பழக்கத்தில் அதற்கு முன்பு சொன்னதே இல்லை. காலையில் எரித்துவிட்டு வந்து, ஒப்புக்கொண்ட நாடகம் என்பதால் மாலையில் முகத்துக்குப் பவுடர் பூசி நின்றிருக்கிறீர்கள். ஒரு தாய் சாகிற காட்சியில் வசனம் வராமல் நிஜமாகவே உடைந்து அழுதிருக்கிறீர்கள். கூட்டம் எழுந்து நின்று தட்டியிருக்கிறது. இன்னொரு தடவை அழச் சொல்லிக் கேட்டிருக்கிறது. "அந்தத் தட்டு இன்னும் என் காதுலயே கெடக்குட்டி" என்றீர்கள். அதனால்தான் மேடையில் நிஜ அழுகை வந்தால் முதுகைக் காட்டிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் குற்றாலம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நீங்கள் சீசனில் அருவிப் பக்கம் போவதில்லை. தூரத்தில் நின்று கேட்டால் தண்ணீர் இரைச்சல் ஒரு பெருங்கூட்டம் விடாமல் கைதட்டுகிற மாதிரியே இருக்கிறது என்றீர்கள். அதற்கு முன் எனக்கு அப்படித் தோன்றியது கிடையாது. இப்போது வேறு மாதிரி கேட்பதில்லை.

பதினாலை நீங்கள் விடவில்லை, இல்லை, அவள் உங்களை விடவில்லை. அமைப்பாளரிடம் போய்க் கேட்டீர்கள். "நடுவர்ட்ட ஊரு பேரு சொல்லக் கூடாதுக்கா" என்று கைவிரித்துவிட்டார். அடுத்த வருடம் வரிசையில் நின்ற பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். அதற்கடுத்த வருடமும் பார்த்தீர்கள். சோறு போட்டுச் சாப்பிடும்போது திடீரென்று, "அந்தப் பிள்ளைக்கு இப்பம் யாரு தல பின்னுதாவளோ" என்பீர்கள். எனக்கு எரிச்சலாகக்கூட வந்திருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு என்னை நீங்கள் குற்றாலம் கூட்டிப்போனதுதான் எனக்கு ஆச்சரியம். அருவிச் சத்தத்துக்குப் பயந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தீர்கள். உங்கள் அம்மாவுக்கு அரிசி, வாழைக்காய் வைத்துத் திதி கொடுத்தீர்கள். இன்னொரு இலை போடச் சொன்னீர்கள். "யார் பேருக்கும்மா?" என்று அய்யர் கேட்டார். "பேரு தெரியாது சாமி. பதினாலோட அம்மைன்னு சொல்லிக்கிடுங்க" என்றீர்கள். அவர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். கரையில் இரண்டு விளக்கு ஏற்றினோம். ஆடியில் போனவளைத் தெரிந்த ஒருத்தியாவது நினைக்க வேண்டாமா என்பது உங்கள் நியாயம். அன்றிலிருந்து வருடம் தவறியதில்லை. கடைசி வருடம் படி இறங்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினீர்கள். ஐப்பசி பிறந்தபோது நீங்கள் இல்லை.

இந்த ஆடிக்கு நான் தனியாகப் போனேன். உங்கள் அம்மாவுக்கு ஒன்று, பதினாலோட அம்மைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று மூன்று விளக்கு.

சரி, நேற்றைக்கு வருகிறேன். உங்கள் நாற்காலியில் இருந்தவள் நாடகங்களுக்கு ஒளி அமைப்பவள். சென்னையில் நாடகக் குழுக்களோடு வேலை, சொந்த ஊர் இந்தப் பக்கம்தான் என்றாள். காலையிலிருந்தே அவள் குரல் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு குரலைக் கேட்டால் நான் மறப்பதில்லை, எங்கே கேட்டது என்பதுதான் பிடிபடவில்லை. மதியம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அவள் மேடையைப் பார்த்தாள்.

"இந்த ஹால்லதான் மேடம் நான் கடைசியா நடிச்சேன். அதோட விட்டுட்டேன்."

"ஏன்மா?"

"ஒரு ஜட்ஜம்மா பாதியில மேல ஏறி வந்து நிறுத்திட்டாவ. அவ்வளவு மோசமா நடிச்சிருக்கேன். ஊரு போய்ச் சேருத வரைக்கும் வேன்ல டீச்சர் எங்கூடப் பேசல. பொறவு மேடைன்னாலே காலு நடுங்கும். ஆச மட்டும் போகல. அதான் லைட்டுப் பக்கம் போயிட்டேன். இருட்டுல நின்னுக்கிடலாம்லா?"

நான் என் பொட்டலத்தை மடித்து வைத்தேன். "உன் நம்பர் என்ன?" என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் பிடிபட்டுவிட்டது.

"பதினாலு."

அவள் பெயரை எழுத மாட்டேன். உங்களுக்கு அவள் அதுதான்.

"ஒங்க அம்மா ஆடியிலதான..." என்று இழுத்தேன். அவள் சிரித்தாள். "அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஜட்ஜம்மா கேட்டாவ. டெஸ்ட் பண்ணுதாவன்னு நெனச்சேன். கேரக்டர விட்டா மார்க் போயிருமேன்னு வாயில வந்ததச் சொன்னேன்." கண்ணீரைப் பற்றிக் கேட்டேன். கண்ணைச் சிமிட்டாமல் நின்றால் தானாக வருமாம். அந்தப் பாழாய்ப்போன மௌனத்தின்போது மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாளாம். நான் அப்பவே சொன்னேன், மூச்சு ஒழுங்காக இருந்தது என்று. ஜெயித்தவள் நான்தான் அக்கா. சொல்லிக்காட்டத்தான் நீங்கள் இல்லை.

அந்த நேரம் அவள் போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று இருந்தது. குனிந்து இன்னொரு தடவை படித்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அந்த அம்மாவுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்திருந்தேன். "சாப்ட்டியாட்டி?" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. கட்டையான, வெயிலில் வேலை செய்த குரல்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் அம்மாவை, அந்தக் கைதட்டலை, காதுப் பஞ்சை, இரண்டாவது இலையை. போன் மேஜைமேல் திறந்தபடியே கிடந்தது. அந்தப் பெண் சாப்பாட்டுக் கையோடு அப்படியே இருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்பம் நான் மோசமா நடிக்கலையா?"

"மேடையிலயே கெடந்தவளையே நம்ப வச்சிட்டியேம்மா. காலம் முழுக்க நம்பிட்டுத்தான் போனா."

அவள் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் எழுந்து போய் அணைக்கவில்லை. ஒரு தடவை நாம் அணைத்தது போதும். திரும்பாமலே சொன்னாள். "மீதி இருக்கு மேடம். அந்தம்மா பாக்கல. ரெண்டாவது சடைய அவளே பின்னிருவா. ரிப்பனக் கட்டிக்கிட்டு, 'வாரேம்மா'ன்னு சொல்லிட்டுப் பள்ளிக்கூடம் போயிருவா. அழுகையில முடியாது." அந்த மீதியை உங்களுக்குச் சொல்லத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

மேஜையில் போன் கூப்பிட்டது. "ஏட்டி, இருக்கியா?" நான் எடுத்தேன்.

"எனக்கா வெளக்குப் போட்டாவ?" என்றாள் அந்த அம்மா. "வருசா வருசமா?"

"ஆமாம்மா."

"அன்னைக்கு நான் அச்சன்புதூர்ல நாத்து நட்டுக்கிட்டுல்லா இருந்தேன்." கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அவியளுக்குப் பிள்ளைய உண்டா?"

"இல்ல."

"அப்பம் அவியளுக்கு யாரு போடுதா?"

"நான்தான்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அக்கா, இந்த மூச்சு ஒழுங்காக இல்லை. "வார ஆடிக்கு என்னையும் கூப்பிடுங்க" என்றாள். "நானும் ஒண்ணு போடணும்."

வருகிறோம், மூன்று பேரும். டப்பியும் என் கைப்பையில் வரும். எனக்கு ஒரே ஒரு பயம்தான். உங்கள் விளக்கை அந்தக் கரையில் வைத்தால், பஞ்சு இல்லாத உங்கள் காதில் அந்தச் சத்தம் விழுமே என்பது. விழுந்தால் பொத்திக்கொள்ளாதீர்கள். முதுகைக் காட்டி நிற்காமல் இந்த ஒரு தடவை எங்கள் பக்கம் திரும்புங்கள். அந்தப் பிள்ளை அன்றைக்கு அழவே இல்லை, அக்கா.