பதினேழாம் பள்ளம்

செப்டம்பர் 3, 1987. வியாழன்

ஆறு மணிக்கே காற்று எழும்பிவிட்டது. ஏரி என்றுதான் பெயர். தண்ணீர் எப்போதாவது எட்டிப்பார்க்கும். வெடித்த களிமண் தரைதான் எங்கள் ஓடுபாதை. பிளேனை வெளியே எடுக்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து குடத்தைத் துடைத்தேன். விசிறியின் நாலு தகடும் வந்து சேருகிற நடுப்பகுதியை நாங்கள் குடம் என்போம். அதற்குள் ஓர் இடுக்கு இருக்கிறது, நட்டு திருகுகிற கடைச் சாக்கெட் எதுவும் நுழையாது. அதனால் என் பதினேழாம் நம்பர் சாக்கெட்டைச் சாணைக்கல்லில் தேய்த்து, சுவரை மெலிசாக்கி வைத்திருக்கிறேன். அதைக் கடன் கேட்கிறவன் கையை ஒடிப்பேன்.

மாலையில் என் புருஷன் வெண்டலின் தங்கை வந்திருந்தாள். "அண்ணி, அப்படி என்னதான் செய்யறீங்க அங்க?"

"ஹெலிகாப்டர் மாதிரி நின்ன எடத்துலேருந்து எழும்பும். மேல போனதும் விசிறியை நிறுத்திடுவோம். நின்னுபோன தகடுதான் இறக்கை. அப்புறம் பிளேன் மாதிரி பறக்கும்."

"விசிறியை நிறுத்தினா விழுந்துடாதா?"

"அதைத்தாம்மா பதிமூணு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கோம்."

வெண்டல் இடைபுகுந்தான். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். சரியான ரெண்டுங்கெட்டான்!" போராக்ஸ் சுரங்கத்தில் லாரி ரிப்பேர் பண்ணுகிறவன் சொல்கிறான். அவன் வைத்த பெயர்தான் இப்போது கொட்டகை முழுக்க ஓடுகிறது. எங்கள் தலைவர் ஆக்சல்கூட, ஆள் இல்லாத நேரத்தில் அப்படித்தான் அழைக்கிறார்.

செப்டம்பர் 11

நின்றது! தரையில் கட்டிப்போட்டு முழு வேகத்தில் சுற்றவிட்டு நிறுத்தினோம். தகடுகள் மெள்ள மெள்ள ஓய்ந்து, பெருக்கல் குறி மாதிரி நிற்க, குடத்துக்குள் தாழ்ப்பாள் போய் விழுந்த சத்தம் — டக். பெற்ற பிள்ளை முதல் வார்த்தை பேசியது போல இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. இருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆக்சல் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

செப்டம்பர் 18

இடி. வாஷிங்டனிலிருந்து கடிதம். முப்பதாம் தேதியோடு அரசாங்கத்தின் வருஷம் முடிகிறது. அதற்குள் வானத்தில் ஒரு தடவையாவது விசிறியை நிறுத்திக் காட்டவேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்டவேண்டியதுதான்.

"முப்பதாம் தேதி காலைல ஏழு மணி. அதுக்கு முன்னாடி தயாராகாது" என்றார் ஆக்சல். அறுபத்துநாலு வயது. இதற்காகவே ஓய்வு பெறாமல் இருக்கிறார்.

எங்கள் பைலட் ஹாலிஸ் மட்டும் விசில் அடித்துக்கொண்டே போனான். இவனுக்குப் பயம் என்று ஒன்று வைக்கவில்லையா கடவுள்?

செப்டம்பர் 24

ஹாலிஸுக்குப் பிறந்தநாள். நான் குடத்து வேலையை முடித்துக்கொண்டிருந்தேன். "வெர்னா! கேக் வேணுமா, வேண்டாமா? இவனுங்க விட்டு வைக்கமாட்டானுங்க!" என்று கத்தினான். குடத்தின் மூடியைப் பூட்டி, கருவிப்பெட்டித் தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கடைசித் துண்டுதான் கிடைத்தது.

வெண்டலும் வந்திருந்தான். அவனும் ஹாலிஸும் சேர்ந்தால் பள்ளிக்கூடப் பையன்கள்தான்.

"நவம்பர்ல நன்றி விருந்துக்கு உன் வீட்டுக்குத்தான் வர்றேன். வான்கோழித் தொடை எனக்கு" என்றான் ஹாலிஸ்.

"உயிரே போனாலும் தொடை தரமாட்டேன்டா. நெஞ்சுக்கறி தின்னுட்டுப் போ."

பதினெட்டு வருஷமாகத் தொடை வெண்டலுக்குத்தான். ஒரு வருஷம் தெரியாமல் எடுத்துவிட்ட என் தம்பியோடு மூன்று மாதம் பேசவில்லை, மனுஷன்.

செப்டம்பர் 27

ஞாயிறு. துணி துவைத்தேன். மனம் கொட்டகையில்.

செப்டம்பர் 28. திங்கள்

கடவுளே.

பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்தில் வெட்டிய பள்ளம் இருக்கும். வேலை முடிந்ததும் பள்ளம் பள்ளமாகப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடவேண்டும். பதினேழாம் பள்ளம் காலி.

வியாழக்கிழமை தாளில் என் கையெழுத்து. பார்த்தா போட்டேன்? கேக்குக்கு ஓடினேனே. இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிற கையெழுத்து, கை தானாகப் போட்டுவிட்டது.

அரை மணி நேரம் தேடினேன், ஒருத்தரிடமும் சொல்லாமல். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பிறகு ஆக்சலின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"குடத்துக்குள்ள விழுந்திருக்கலாம். கிடைக்கிற வரைக்கும் பறக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"குடத்தைப் பிரிக்க ஒம்பது நாள் ஆகும்."

"தெரியும், ஆக்சல்."

"பதிமூணு வருஷம், வெர்னா. ஒரு சாக்கெட்."



செப்டம்பர் 29

முப்பத்தோரு பேர் மண்டியிட்டுத் தேடினோம். ஓடுபாதை, கொட்டகை, குப்பைத்தொட்டி, என் கார், சாப்பாட்டுப் பெட்டி. திறப்பு வழியாகக் கண்ணாடியும் டார்ச்சும் விட்டுக் குடத்துக்குள்ளும் பார்த்தோம், தெரிந்த மட்டும். ஒருவன்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து நான் இப்படி அழுது வெண்டல் பார்த்ததில்லை. "எங்கயாவது மண்ணுல கெடக்கும்டீ, உள்ள இருக்காது" என்று நூறு தடவை சொன்னான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனான்.

ஏழரைக்குத் திரும்பி வந்து, "கார்ச்சாவியைக் குடு, இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்றான். ஐந்து நிமிஷத்தில் கத்தினான்.

"கெடச்சுடுச்சு! சீட்டுக்கு அடியில, தகட்டுக்குள்ள போய் மாட்டியிருக்கு!"

சாக்கெட். என் கருவிகள் எல்லாவற்றிலும் இருக்கிற என் வேலை எண் பொறித்திருந்தது. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தேன். ஆக்சலுக்குப் போன் பண்ணினேன். பெரிய மனுஷன் போனில் அழுதார். நாளை ஏழு மணிக்குப் பறக்கிறது! வெண்டலின் கட்டைவிரலில் கட்டு. டின் திறக்கும்போது கிழித்துக்கொண்டானாம். முத்தம் கொடுத்தேன் அதற்கும்.

செப்டம்பர் 30

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்குக் கொட்டகை. பதினேழாம் பள்ளத்தில் சாக்கெட்டை வைத்தேன். உட்காரவில்லை. அழுத்தினேன், மேலே துருத்திக்கொண்டு நின்றது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். சுவர் தடிமன். நான் தேய்த்த மெலிசு இல்லை. பொறித்த எண் பளபளவென்று இருந்தது, கோடுகளுக்குள் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. என்னுடையதில் பத்து வருஷத்து கிரீஸ் கறுத்துக் கிடக்கும்.

கட்டைவிரல். டின்னாம். வெண்டலின் சுரங்கப் பட்டறையில் இரும்பில் எழுத்துப் பொறிக்கிற பேனா இருக்கிறது.

பெட்டியை மூடி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், யாரோ பாடினான். பள்ளத்தைக் கொஞ்சம் சீவிவிட்டால் உட்கார்ந்துவிடும். என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? உள்ளே இல்லை என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன், யோசித்தேன்.

ஆறே முக்காலுக்கு ஹாலிஸ் உடையெல்லாம் மாட்டிக்கொண்டு வந்தான், பேனாவை நீட்டிக்கொண்டு. எங்கள் வழக்கம் இது: பைலட் கையெழுத்துப் போடும்வரை பிளேன் மெக்கானிக்குடையது. இரவல் கொடுப்பது நான். அவன் கையெழுத்துப் போடவேண்டிய தாளை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"இது அந்தச் சாக்கெட் இல்ல."

ஆக்சல் வெளுத்துப்போனார். "நேத்து கெடச்சுதுன்னு சொன்னியே!"

"தப்பாப் பார்த்துட்டேன். இது வேற. எப்படின்னு கேக்காதீங்க."

"வெர்னா, இன்னைக்கு விட்டா..."

"தெரியும். தரமாட்டேன்."

 ஹாலிஸ் கையுறையைக் கழற்றினான். "உன் பிளேன். நீ குடுக்காம நான் எப்படி எடுக்கறது? வா, பசிக்குது. முட்டையாவது தின்னலாம்."

ஆக்சல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சாக்கெட்டைச் சாப்பாட்டு மேசைமேல் எறிந்தேன். வெண்டல் அதையும் என்னையும் பார்த்தான்.

"அழுதியே... என்னால பார்க்க முடியலடீ."

"ஹாலிஸ் செத்திருந்தா?"

"உள்ள இல்லன்னு எல்லாருந்தானே சொன்னாங்க? நீயுந்தானே பார்த்தே?"

"பார்த்தது பாதிதான்யா! பாதிதான்!"

கத்திவிட்டுக் கதவை அறைந்தேன். ஆனால் இவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? தொலைத்தவள் நான். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்.

அக்டோபர் 3

மூன்று நாளாகப் பேச்சில்லை. தினமும் காலையில் என் காரின் மூக்கில் காப்பிக் குவளை. மூடி போட்டு, சர்க்கரை சரியாக. குடிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். குடித்தேன்.

அக்டோபர் 6

பேசிவிட்டேன். "காப்பியில பால் அதிகம்" என்றேன். அவன் சிரித்த சிரிப்பைப் பார்க்கவேண்டுமே!

அக்டோபர் 14

முடிந்தது. ஒரே பக்கக் கடிதம். ரெண்டுங்கெட்டானைப் பிரித்துப் பெட்டிகளில் அடுக்கிக் கிடங்குக்கு அனுப்பவேண்டும். வானத்தில் ஒரு தடவைகூட அது விசிறியை நிறுத்தவில்லை. என்னால்தான். யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். ஆக்சல் என்னைப் பார்த்தால் வழி மாறிப் போகிறார்.

நவம்பர் 12

குடத்தைப் பிரிக்கும் வேலை எனக்கே. வேறு யாரையும் தொடவிட்டிருக்கமாட்டேன். பதினோரு மணி இருக்கும். தாழ்ப்பாள் போய் விழுகிற குழியின் அடியில், நாங்கள் விட்ட கண்ணாடிக்கு எட்டாத மூலையில், கிரீஸுக்குள் முக்கால்வாசி புதைந்து —

மெலிசுச் சுவர். கறுத்த எண்.

தாழ்ப்பாளை நகர்த்திப் பார்த்தேன். பாதி வரைதான் போகிறது. நின்ற தகடுகள் பூட்டாமலே நின்றிருக்கும். மேலே, அந்த வேகத்தில், முதல் காற்றுக்கே சுழன்று பிளேனைக் கவிழ்த்திருக்கும்.

இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ போய்ச் சொல்லியிருக்கவேண்டும், ஆக்சல் வந்தார். சாக்கெட்டைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசினார். "வெர்னா, காப்பி இருக்கா?" என் குவளையிலேயே ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். எழுந்து போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

மாலையில் இரண்டு சாக்கெட்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெண்டல் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தான்.

"எங்க இருந்துச்சு?"

"உள்ள. தாழ்ப்பாள் குழியில."

"அன்னைக்கு ஏறியிருந்தான்னா...?"

தலையை ஆட்டினேன். அவன் வெளியே போய்க் காரில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் நின்றான். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேர் செய்த தப்பு அது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

நவம்பர் 26. நன்றி விருந்து

ஹாலிஸும் அவன் மனைவி டோரீனும் வந்தார்கள். ஹாலிஸுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, சாதாரண ஹெலிகாப்டர் ஓட்ட. "விசிறி சுத்திக்கிட்டே இருக்கும். போரடிக்கும்" என்றான்.

சாக்கெட் எங்கே கிடைத்தது என்று அவனுக்குத் தெரியும். இன்னொரு சாக்கெட் பற்றித் தெரியாது. வெண்டல் சொல்லச் சொன்னால் சொல்வேன். அவன் இன்னும் சொல்லவில்லை.

வான்கோழியை வெண்டல்தான் அறுத்தான். முதலில் தொடையை எடுத்தான், எப்போதும்போல. எடுத்தவன் எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், ஹாலிஸின் தட்டில் வைத்தான்.

"டேய், என்னடா இது? உயிரே போனாலும் தரமாட்டேன்னே?"

"தின்னுடா."

"உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா உனக்கு?"

"பேசாமத் தின்னு."

ஹாலிஸ் சிரித்துக்கொண்டே தின்ன ஆரம்பித்தான். கிழங்கு, சாறு, இன்னொரு துண்டு என்று வெண்டல் வைத்துக்கொண்டே இருந்தான். போதும் போதும் என்று டோரீன் தட்டை மறைத்தாள். அவள் கையை விலக்கிவிட்டு வைத்தான். தன் தட்டில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. ஹாலிஸ் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நெஞ்சுக்கறியில் ஒரு துண்டை எடுத்து வெண்டலின் தட்டில் வைத்தேன்.